அதிபர் கதிரையும் ஆறாத வழக்கும்

பாடசாலை வாயிற் கதவிலே பூட்டுத் தொங்குகின்றது. பெற்றார் ஒருபுறமும் பழைய மாணவர் மறுபுறமுமாகப் பதாகை பிடித்து நிற்கின்றனர், நடுவிலே பொலிசார். வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் புத்தகப் பையுடன் மதிலோரத்து நிழலிலே காத்திருக்கின்றனர். வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் வாழும் எம்மவர்க்கு இக்காட்சி புதியதன்று. காரணத்தை வினவினால் ஊருக்கு ஊர் ஒரே விடைதான் கிடைக்கும்: "அதிபர் நியமனத்திலே பிரச்சினை, விஷயம் கோட்டிலே கிடக்கின்றது."

கோட்டிலே கிடப்பதென்றால் என்னவென்பதை எம்மக்கள் நன்கறிவர். வேலி வழக்கையும் பங்குக் கிணற்று வழக்கையும் தகப்பன் தொடங்க, மகன் நடத்த, பேரன் முடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் வேலி வழக்கு நடக்கும் காலத்திலும் தோட்டத்துக்கு இறைப்பு நடக்கும், புகையிலை நடுவார்கள், வெங்காயம் கிண்டுவார்கள். அதிபர் வழக்கு அவ்வாறானதன்று. இந்த ஆண்டு பத்தாம் வகுப்பிலே இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பத்தாம் வகுப்பு மறுபடி வரப்போவதில்லை. நீதிமன்றம் எவ்வளவு நேர்மையான தீர்ப்பை வழங்கினாலும் அந்த ஓராண்டைத் திருப்பித் தரும் அதிகாரம் அதற்கில்லை.

ஆதலால், ஆசிரியர்கள் நீதிமன்றம் செல்வது பிழையென நாம் சொல்லவந்தோம் என எவரும் எண்ணவேண்டா. நீதிமன்றக் கதவு ஆசிரியனுக்குத் திறந்ததே நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர்தான். அவ்வரலாற்றைச் சற்றே நினைவூட்டுதல் தகும்.

முன்னைநாளிலே தலைமையாசிரியரைத் தெரிந்தெடுத்தவர் மனேச்சர். மிஷன் பாடசாலையாயின் பாதிரியார் அல்லது சுவாமியார்; சைவப் பாடசாலையாயின் சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்றதொரு சபை, அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர். சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது. ஆளை மனேச்சர் தெரிந்தார். அக்காலத்தைப் பொற்காலமெனப் புகழ்வோர் இன்றும் உளர். நாம் அவ்வரிசையிற் சேரோம். மனேச்சர் வீட்டு விறாந்தையிலே கைகட்டி நின்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்! சமயத்தைக் காரணங்காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்! தகைமை இருந்தும் சாதியின் பெயரால் தலைமைக் கதிரையை எண்ணியும் பார்க்க முடியாதிருந்தவர்கள் எத்தனை பேர்! அநீதி அன்றும் இருந்தது. அதனை எடுத்துச் சொல்லத்தான் இடமிருக்கவில்லை.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கத்தின் கைக்கு மாற்றின. கட்டணம் அறவிடாது தனித்து நிற்பதற்குத் துணிந்த சில பாடசாலைகள் நீங்கலாக, ஏனையவற்றில் மனேச்சரின் இடத்திலே வித்தியாதிபதி அமர்ந்தார். ஊர்ப் பெரியவரின் விருப்பு வெறுப்புப் போய்விட்டது என மகிழ்ந்தோர் பலர். ஆனால் அரசாங்கச் சேவகன் தன் முதலாளியான அரசாங்கத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியுமா என்னும் வினா அப்பொழுது தீர்ந்திருக்கவில்லை.

அவ்வினாவை எழுப்பியவர் ஒரு தமிழ் எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமைக்காக 1962இல் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்ட செல்லையா கோடீஸ்வரனை எமது வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றமோ, அரசாங்க உத்தியோகத்தன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குத் தொடுக்க முடியாதெனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969 திசம்பரில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் அவ்வுரிமை உண்டென விதித்தது. அம்மனிதரின் வழக்கு மொழியுரிமை வழக்காகவே எம்மிடையே பேசப்படுகின்றது. இந்நாட்டின் ஒவ்வோர் ஆசிரியனும், சிங்களவனாயினும் தமிழனாயினும் முஸ்லிமாயினும், அவ்வழக்கிலே பங்குடையவன் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

திறந்த கதவு விரைவிலேயே மூடப்பட்டது. நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம் ஆகியவற்றை மந்திரிசபையின் கையிலே ஒப்படைத்து, அவற்றைப் பற்றி எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாகாது எனவும் எழுதிவைத்தது 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அத்தடையை முற்றாக நீக்காது, ஒரு சாளரத்தை மாத்திரம் திறந்தது. சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கின்றது 12ஆம் உறுப்புரை; அச்சமத்துவம் மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு நேரே செல்லலாம் என்கின்றது 126ஆம் உறுப்புரை. 2001இல் வந்த 17ஆம் திருத்தம் பொதுச்சேவை ஆணைக்குழுவுக்குச் சுதந்திரம் அளித்தது. 2002இல் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபைக்கான சட்டமும் வந்தது.

கதவுகள் பல திறந்தன என்பது மெய். எந்தக் கதவைத் தட்டுவதென்பதே இன்றைய திகைப்பு. அதிபர் சேவை நாடளாவியது; அச்சேவைக்கு ஆட்சேர்ப்பது கொழும்பிலுள்ள ஆணைக்குழுவின் அதிகாரம். மாகாணப் பாடசாலையொன்றிலே அவரைக் கொண்டுபோய் இருத்துவதோ மாகாண நிருவாகம். தேசிய பாடசாலையாயின் மத்திய அமைச்சு. அங்கும் சில அதிபர் பதவிகளுக்குக் கல்வி நிருவாக சேவையினரும் உரிமை கோருவர். பிழை எங்கே நிகழ்ந்தது என்பதைப் பொறுத்தே மன்றம் மாறும். மாகாண விடயமாயின் மாகாண மேல் நீதிமன்றத்திலே எழுத்தாணை கேட்கலாம். பொதுச்சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்தாலோ, அது கையளித்த அதிகாரத்தாலோ செய்யப்பட்டதாயின், 61அ உறுப்புரை குறுக்கே நிற்கும். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே எழுத்தாணை கேட்பவரை அரசாங்க சட்டத்தரணி அந்த ஓர் உறுப்புரையைக் காட்டியே திருப்பி அனுப்பலாம். திரும்பி வந்து உயர் நீதிமன்றம் செல்லலாம் என்றால், அடிப்படை உரிமை மனுவுக்கு விதித்த காலம் ஒரேயொரு மாதம். அது எப்பொழுதோ கழிந்திருக்கும். கணிதமும் தமிழும் கற்பித்த ஆசிரியருக்கு இச்சட்ட நுணுக்கம் எவ்வாறு தெரியும்? அப்புக்காத்துமாரே இதிலே வாதாடிக்கொண்டிருக்கின்றனர்.

மாதம் ஒன்று என மனுதாரருக்குக் காலவரை விதித்த அதே 126ஆம் உறுப்புரை, மனுவை இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்கவேண்டுமென நீதிமன்றத்துக்கும் விதித்திருக்கின்றது. முதலாவது விதி இரும்பைப்போலப் பேணப்படுகின்றது. இரண்டாவது விதி வெறும் வழிகாட்டலாகவே கொள்ளப்பட்டு வருகின்றது. மனுக்கள் ஆண்டுக்கணக்கிற் கிடக்கின்றன. அறுபது வயதில் ஓய்வுபெற வேண்டிய ஒருவர் ஐம்பத்தேழாவது வயதிலே மனுச் செய்தால், தீர்ப்பு வரும் நாளிலே அவர் வீட்டிலே ஓய்வூதியப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார். வென்றாலும் அவருக்குக் கிடைப்பது நட்டஈடு அல்லது பின்திகதியிட்ட பதவியுயர்வு. அவர் நடத்த விரும்பிய பாடசாலை கிடைப்பதில்லை.

இத்துணை வழக்கும் எங்கிருந்து ஊற்றெடுக்கின்றது? எமது அபிப்பிராயத்திலே, பெரும்பாலும் இரண்டு சொற்களிலிருந்து: "பதில் கடமை."

இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி தரப் பாடசாலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதன் அதிபர் பங்குனியிலே ஓய்வு பெறுகின்றார். அன்று மாலை வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு கடிதம் வருகின்றது. பிரதி அதிபர், மறு அறிவித்தல் வரை கடமைகளைப் பொறுப்பேற்க வேண்டும். மறு அறிவித்தல் வருவதில்லை. ஓராண்டு போகின்றது, மூன்றாண்டு போகின்றது. அந்த ஆசிரியை, ஓர் ஆசிரியை என்றே வைத்துக்கொள்வோம், உழைக்கின்றார். பெறுபேறு உயர்கின்றது, பெற்றார் அவரை விரும்புகின்றனர். ஆனால் அப்பாடசாலைக்கு விதிக்கப்பட்ட தரம் அவருக்கில்லை. அத்தரமுள்ள இன்னொருவர் எங்கோ ஒரு சிறு பாடசாலையிலே, அல்லது வலயப் பணிமனையின் மூலையிலே, தமக்குரிய இடம் வெற்றிடமென விளம்பரமாகும் நாளை எதிர்பார்த்திருக்கின்றார். நாலாம் ஆண்டிலே விளம்பரம் வருகின்றது, நேர்முகம் நடக்கின்றது. இப்பொழுது இவ்விருவரில் எவரை நியமித்தாலும் மற்றவர் நீதிமன்றம் செல்வார். இவர், இத்தனை ஆண்டு என்னைக் கொண்டு வேலை வாங்கி நியாயமான எதிர்பார்ப்பை ஊட்டிவிட்டு இன்று எழுந்து போ என்பது முறையா என்பார். அவர், பிரமாணக்குறிப்பிலே எழுதியுள்ள தரமும் மூப்பும் எனக்குண்டு. பின்கதவால் வந்தவருக்காக என்னைத் தள்ளுவது சமத்துவமா என்பார். இருவரிடமும் நியாயம் உண்டு. அநியாயம் செய்தது அந்த மூன்றாண்டு மௌனம். அதற்குக் கையெழுத்திட்டவர் எவருமில்லை.

சட்டத்தின் விதியொன்று இதனை மேலும் கசப்பாக்குகின்றது. நியமனத்தை எதிர்ப்பவர் கல்விச் செயலாளரையும் பணிப்பாளரையும் மாத்திரம் எதிர்மனுதாரராக்கினால் போதாது. கதிரையிலே இருப்பவரையும் சேர்க்கவேண்டும். அவருடைய உரிமை பாதிக்கப்படுமாதலால் அவரைக் கேளாது தீர்ப்பளிக்க முடியாது. விதி சரியானதே. ஆனால் அதன் பலன் யாது? ஒரே ஆசிரியர் அறையிலே இருபதாண்டு ஒன்றாகத் தேநீர் அருந்தியவர்கள், ஒருவர் வீட்டுச் சடங்குக்கு மற்றவர் சென்றவர்கள், மனுதாரரும் ஐந்தாம் எதிர்மனுதாரருமாக மாறிவிடுகின்றனர். சத்தியக் கடதாசியிலே ஒருவரையொருவர் பற்றி எழுதுவதை எழுதுகின்றனர். செயலாளர் மாற்றலாகிப் போய்விடுவார், அமைச்சர் தோற்றுப்போவார், இவ்விருவரும் அதே ஊரிலே, அதே கோயில் வீதியிலே, எஞ்சிய காலமெல்லாம் எதிரெதிரே நடக்கவேண்டும்.

பதில் கடமை புரிந்தோர் யாவரும் செல்வாக்கால் வந்தவர்கள் என எழுதுவோமாயின் நாம் பெரும்பழிக்கு ஆளாவோம். வன்னியிலே போர் நடந்த ஆண்டுகளில், தரமுள்ள உத்தியோகத்தர் பலர் போக மறுத்த இடங்களிலே, ஆசிரிய சேவையிலே இருந்த சாதாரண ஆசிரியர்களே பாடசாலைகளைத் தாங்கினர். இடம்பெயர்ந்த மக்களோடு தாமும் இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் வரவு கூப்பிட்டவர்கள் அவர்கள். வரவுப் பதிவேட்டையும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் உடுபுடைவைக்கு முதலே மூட்டை கட்டியவர்கள் உளர். போர் 2009இல் முடிந்தது. வீதி திறந்தது, மின்சாரம் வந்தது, அதன்பின் தரமுள்ளவர்களும் வந்தனர். கடமை நிறைவேற்று அதிபர் என்னும் பெயருடன் அத்தனை ஆண்டு உழைத்தவர்களைச் சேவைக்குள் உள்வாங்குவதா இல்லையா என்னும் வாதம் அவர்களிற் பலர் நரைத்தபின்னும் ஓயவில்லை. அவர்களைத் தெருவிலே இறக்கி ஆர்ப்பாட்டம் செய்ய வைத்தது எமது நிருவாகத்துக்குப் பெருமை தரும் செயலன்று.

ஆனால் அமைதி நிலவும் காலத்திலே, பிரதான வீதியோரத்துப் பாடசாலைக்கு ஏன் பதில் அதிபர்? ஓர் அரசாங்க உத்தியோகத்தன் எந்நாளில் ஓய்வு பெறுவான் என்பது அவன் சேவையிற் சேர்ந்த நாளிலேயே தெரிந்தது. பிறப்புச் சான்றிதழ் கோவையிலே இருக்கின்றது. மரணமும் கடுநோயும் எதிர்பாராதவை. அறுபதாவது பிறந்தநாள் எதிர்பாராததா? ஐப்பசி மழைக்கு முன் வயலை உழவேண்டுமென்பது எமது கமக்காரனுக்குத் தெரியும். மழை விழுந்தபின் கலப்பை தேடுபவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். குளத்தின் துருசை ஆளின்றி விட்டுவிட்டு, மறு அறிவித்தல் வரை தண்ணீர் தானே பாயட்டும் என்று சொல்லும் வட்டவிதானையை நாம் கண்டதில்லை. ஆயிரம் பிள்ளைகள் கற்கும் பாடசாலைக்கோ அப்படித்தான் நடக்கின்றது.

தெரிந்தே விடப்படும் வெற்றிடத்துக்குப் பயனடைவோர் உளர். பதில் நியமனத்துக்கு விளம்பரம் வேண்டியதில்லை, நேர்முகம் வேண்டியதில்லை, புள்ளி வழங்க வேண்டியதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு கடிதமும் போதும். அக்கடிதம் அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்துக்குப் பதிலாகவும் பிறப்பதுண்டு. கொழும்பு அரசியல்வாதியை மாத்திரம் இங்கே குறிப்பிட்டோம் என எமது பிரதிநிதிகள் ஆறுதல் அடைய வேண்டா. கல்வி எமது கையிலே இருக்கவேண்டும் என மேடையிலே முழங்கியவர்களிடமும், ஓர் அதிபரை எம் கையாலே நேர்மையாக நியமித்தீர்களா என நாம் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் குறைபாடு மலிந்தது. மாகாண உத்தியோகத்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமே வைத்து, அவர் விரும்பினால் மாகாண பொதுச்சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம் என்றது மாகாண சபைகள் சட்டம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்தெம்பரிலும் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன்பின் கேட்பதற்கு உறுப்பினர்களும் இல்லாது போயினர். இவை யாவும் உண்மையே. ஆயினும் சபை இருந்த ஆண்டுகளிலேனும் அதிபர் வெற்றிடங்களை முன்கூட்டியே விளம்பரம் செய்ய எந்த ஆளுநரும் தடைவிதித்ததாக நாம் அறியோம்.

ஊராரிடமும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். "எங்கள் பாடசாலைக்கு எங்கள் ஊரவரே வேண்டும்" என்னும் கோஷத்தை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அச்சொல்லின் மேற்பரப்பிலே ஊர்ப்பற்று இருக்கின்றது; சற்றுக் கிளறினால் சில இடங்களிலே சாதியும் சில இடங்களிலே சமயமும் தலைகாட்டும். கதவைப் பூட்டுவோர் பலருடைய பிள்ளைகள் அப்பாடசாலையிலே படிப்பதில்லை. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பணம் அனுப்புகின்றனர், கட்டடம் எழுகின்றது, அவர்தம் நன்றியை நாமும் மறவோம். பணம் அனுப்பியதனாலேயே அதிபரைத் தெரியும் உரிமை வந்துவிட்டது என எண்ணுவோமாயின், 1960இலே எழுப்பி அனுப்பிய மனேச்சரை வேறு சட்டை போட்டுத் திரும்ப அழைத்து வருகின்றோம் என்றே பொருள்.

வழக்கு நடக்கும் காலத்திலே பாடசாலையின் உள்ளே நடப்பதை வெளியார் அறியார். இடைக்காலத் தடை விழுந்த மறுநாள், எவர் கையொப்பம் செல்லும் என்பது ஒருவருக்கும் தெரிவதில்லை. சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பத்துக்கு அதிபரின் ஒப்பம் வேண்டும். பிள்ளையின் அடையாள அட்டை விண்ணப்பத்துக்கும் விடுகைப் பத்திரத்துக்கும் வேண்டும். அபிவிருத்திச் சங்கக் கணக்கின் காசோலைக்கும் வேண்டும். ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகின்றனர். ஒரு கட்சியார் கூட்டத்துக்கு வந்தால் மறு கட்சியார் சுகவீன விடுமுறையிற் போகின்றனர். வசதியுள்ள பெற்றார் தம் பிள்ளையை நகரத்துப் பாடசாலைக்கு மாற்றிவிடுவர். எஞ்சியிருப்பது தோட்டத்திலும் வயலிலும் கடலிலும் உழைப்பவரின் பிள்ளை. அதிபர் வழக்கின் செலவை இறுதியிலே கட்டுபவன் அவனே. அவன் பெயர் எந்த மனுவிலும் எதிர்மனுதாரராகவேனும் இல்லை.

வழக்குத் தொடுக்க நேரும் ஆசிரியர்கள் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று. அநீதி நிகழ்ந்த நாளிலிருந்து ஒரு மாதம் என்பதை மறவாதிருக்க வேண்டும். பணிப்பாளருக்கு முறையீடு எழுதிவிட்டுப் பதிலை எதிர்பார்த்திருக்கும் காலமும் அம்மாதத்திலேயே கழியும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது என்கின்றது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். முறையிட்டதாற் போதாது, விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது எனக் காட்டவும் வேண்டியிருக்கும். நேர்முகத்திலே தமக்கும் தெரிவுசெய்யப்பட்டவருக்கும் கிடைத்த புள்ளிகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். புள்ளியைப் பார்த்தபின் வழக்கு வேண்டாமென முடிவு செய்வோரும் இருப்பர். அதுவும் நன்மையே.

நிருவாகத்தை நாம் கேட்பது பெரிய காரியமன்று. அவ்வாண்டிலே ஓய்வு பெறும் அதிபர்களின் பட்டியலைத் தை மாதத்திலேயே வெளியிடுக. ஓய்வுக்கு ஆறு மாதத்துக்கு முன் வெற்றிடத்தை விளம்பரம் செய்க. பதில் கடமை தவிர்க்க முடியாததாயின் மூன்று மாதத்துக்கு மேற்படாதிருக்கட்டும். அக்கடமையை நிரந்தர நியமனத்துக்குத் தகைமையாகக் கொள்ளமாட்டோம் எனக் கடிதத்திலேயே எழுதுக. போர்க்காலத்திலே உழைத்தவர்களின் கணக்கைத் தனியே தீர்க்குக. அதனை இதனோடு கலந்து குழப்ப வேண்டா. நேர்முகப் புள்ளிகளைப் பணிமனைப் பலகையிலே ஒட்டுக. இவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. கொழும்பின் அனுமதியும் பெரும்பாலும் வேண்டியதில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஒவ்வொரு வலயக் கல்விப் பணிமனையிடமும் மூன்று விடயங்களை நாம் எழுத்திலே கேட்கவிருக்கின்றோம். பதில் அதிபரின் கீழ் இயங்கும் பாடசாலைகள் எவை? ஒவ்வொன்றும் எந்நாளிலிருந்து அவ்வாறு இயங்குகின்றது? அடுத்த பன்னிரண்டு மாதத்திலே ஓய்வு பெறவிருக்கும் அதிபர்கள் எத்தனை பேர்? சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். கிடைக்கும் விடையை வலயம் வலயமாக இப்பக்கத்திலே பிரசுரிப்போம். விடை தராத பணிமனைகளின் பெயர்களையும் அவ்வாறே பிரசுரிப்போம்.